கணினியின் யூ.எஸ்.பி போர்ட்டில் கைபேசிக்குச் சார்ஜ் ஏறாமல் இறங்குகிறது

இணுவில்வாசி

அனைவருக்கும் வணக்கம். ஐப்பசியில் ஒரு மாலை விழுந்த இடியோடு என் கைபேசியின் சார்ஜர் போய்விட்டது. மழை இருட்டிக்கொண்டு வருவதைப் பார்த்தும் அதைச் சுவரிலிருந்து கழற்றாமல் விட்டது என் பிழை. புதிதாக ஒன்று வாங்கும் வரைக்கும் கணினியிலிருந்தே சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த நினைப்பு இப்போது மூன்று வாரத் தலையிடியாகிவிட்டது.

என்னுடையது 5000 மில்லிஅம்பியர்-மணி பற்றரியும் டைப்-சி வாயும் கொண்ட, இரண்டு வருடம் பழகிய அன்ட்ரொயிட் கைபேசி. கணினி, கடையில் பாகம் பாகமாகப் பூட்டி எடுத்த டெஸ்க்டொப். விண்டோஸ் 10 இல் இயங்குகிறது. தனியார் கல்வி நிலையம் ஒன்றுக்கு வினாத்தாள்களைத் தட்டச்சுச் செய்து கொடுப்பவள் என்பதால் ஒரு நாளில் ஆறேழு மணித்தியாலம் அதன் முன்னால்தான் இருக்கிறேன். வீட்டில் வேறு இணைய இணைப்பு இல்லை, கைபேசியை யூ.எஸ்.பி கேபிளால் கணினியுடன் தொடுத்து, அதன் டேட்டாவையே கணினிக்கும் பயன்படுத்துகிறேன்.

நடப்பது இதுதான். கணினிப் பெட்டியின் முன்பக்கத்துப் போர்ட்டில் செருகினால் சார்ஜ் ஏறும் அடையாளம் வரும், நான்கைந்து செக்கனில் மறையும், மறுபடி வரும். ஒவ்வொரு முறையும் ஒரு சத்தம் கேட்கும். பின்பக்கத்துப் போர்ட்டில் அடையாளம் நிலையாக நிற்கிறது, ஆனால் நேற்று மாலை ஐந்து மணிக்கு 41 வீதமாக இருந்தது ஏழு மணிக்கு 36 வீதமாகிவிட்டது. தம்பியின் மடிக்கணினியில், இரண்டு முனையும் டைப்-சியாக உள்ள கேபிளால் தொடுத்தால், கைபேசிதான் மடிக்கணினிக்குச் சார்ஜ் கொடுத்துக்கொண்டிருப்பதாகத் திரையில் எழுதிக் காட்டுகிறது! அத்தானின் சார்ஜரில் போட்டால் மட்டும் இரண்டு மணித்தியாலத்துக்குள் நிறைந்துவிடுகிறது.

நகரத்தில் ஒரு கடையில் காட்டினேன். திறந்தும் பார்க்காமல், சார்ஜ் ஏற்றும் உட்பலகையை மாற்ற வேண்டும், 4,500 ரூபாய் ஆகும் என்றார்கள். கொடுக்கும் முன் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன். அனுபவமுள்ள அண்ணன்மார், அக்காமார் வழி சொல்லவும்.

பழைய டைனமோ

பிள்ளை, அந்த 4,500 ரூபாயை இப்போதைக்குப் பத்திரமாக வைத்திருங்கள். அத்தானின் சார்ஜரில் இரண்டு மணித்தியாலத்துக்குள் நிறைகிறது என்றால் கைபேசியின் உட்பலகையும் பற்றரியும் தம் வேலையைச் செய்கின்றன என்றுதான் கொள்ள வேண்டும். ஒரு வாயில் ஏறி இன்னொரு வாயில் ஏறாவிட்டால், கைபேசியைத் திறப்பதற்கு முன்னர் அந்த இரண்டு வாய்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைத் தேடுவதுதான் முறை.

அந்த வேறுபாடு சிறியதன்று. கணினியின் யூ.எஸ்.பி போர்ட் விசைப்பலகை, மவுஸ், அச்சுப்பொறி போன்றவற்றோடு தரவு பரிமாறுவதற்காக உருவானது. மின்சாரம் அதற்குத் துணையாக வந்தது. 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த யூ.எஸ்.பி 2.0 விதியின்படி, செருகப்பட்ட கருவி தான் யாரென்று கணினிக்கு அறிவிக்கும் வரை 100 மில்லிஅம்பியருக்கு மேல் எடுக்கக் கூடாது. அறிவித்து, கணினியும் சம்மதித்த பிறகு 500 வரை எடுக்கலாம். 2008 இல் வந்த யூ.எஸ்.பி 3.0, அதாவது பெரும்பாலும் நீல நிற நாக்கோடு இருக்கும் வாய், இதை 900 ஆக உயர்த்தியது. ஆனால் அந்த 900 என்பது 3.0 முறையிலேயே பேசுகிற கருவிக்குரியது. நடுத்தர விலைக் கைபேசிகளில் பல இன்றைக்கும் 2.0 முறையில்தான் பேசுகின்றன, ஆகவே நீல வாயில் செருகினாலும் விதிப்படி அவற்றுக்குரியது 500 தான். சுவர்ச் சார்ஜரின் கதை வேறு. பழைய முறைச் சார்ஜர் ஒன்று தன் இரண்டு தரவுக் கம்பிகளையும் உள்ளுக்குள்ளேயே ஒன்றாகத் தொடுத்து வைத்திருக்கும். கைபேசி அந்தக் கம்பிகளைச் சோதித்து, மறுமுனையில் சம்மதம் கேட்பதற்கு ஆளில்லை, தாராளமாக எடுக்கலாம் என்று அறிந்து 1.5 அம்பியர் வரை எடுத்துக்கொள்ளும். இன்றைய வேகச் சார்ஜர்கள் இதற்கும் மேலே பேசி வோல்ற்றளவையே உயர்த்திக்கொள்கின்றன.

500 மில்லிஅம்பியரை 5 வோல்ற்றால் பெருக்கினால் 2.5 வாற்று. என் வயதுக்காரருக்கு இது பழக்கப்பட்ட அளவு. தொண்ணூறுகளில் போர்க்கால யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரமும் இல்லை, பற்றரி கொண்டுவரவும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் கையால் மிதிகட்டையைச் சுற்ற, மற்றவர்கள் அந்த டைனமோவில் வானொலிச் செய்தி கேட்போம். அந்த டைனமோவில் 6 வோல்ற்று, 3 வாற்று என்று பொறித்திருக்கும். உங்கள் கணினியின் பின்பக்கத்து வாய் தருவது அதைவிடவும் குறைவு. செய்தி கேட்பதற்கு அது போதுமாக இருந்தது; திரையை எரியவிட்டுக்கொண்டு, தொலைபேசிக் கோபுரத்தோடு ஓயாமல் பேசிக்கொண்டு, கணினிக்கும் இணையத்தை வார்த்துக்கொண்டிருக்கிற கைபேசிக்கு அது போதாது.

கணக்கைப் பாருங்கள். 5000 மில்லிஅம்பியர்-மணியை ஏறத்தாழ 3.85 வோல்ற்றால் பெருக்கினால் உங்கள் பற்றரியின் கொள்ளளவு 19 வாற்று-மணிக்குச் சற்று மேல். அதில் 5 வீதம் என்பது ஏறக்குறைய 1 வாற்று-மணி; அது இரண்டு மணித்தியாலத்தில் குறைந்திருக்கிறது. ஆகவே உங்கள் பற்றாக்குறை வெறும் அரை வாற்று. போர்ட் தருகிற 2.5 இல் வெப்பமாகப் போவது போக 2.1 அளவு உள்ளே சேர்கிறது என்று வைத்தால், கைபேசி 2.6 வாற்றைச் செலவழிக்கிறது. இதில் பழுது என்று சொல்ல எதுவும் இல்லை. வரவைவிடச் செலவு கூடிவிட்டது, அவ்வளவே. சோதித்துப் பார்க்க, ஒரு மணித்தியாலம் இணையப் பகிர்வை நிறுத்தி, திரையையும் அணைத்து, பின்பக்கத்துப் போர்ட்டிலேயே விட்டுவிட்டு வீதத்தைக் குறித்துச் சொல்லுங்கள்.

தும்பளையான்

ஐயாவின் கணக்கு பின்பக்கத்துப் போர்ட்டை விளக்கிவிட்டது. முன்பக்கத்தில் வந்து வந்து போவதற்குக் காரணம் வேறாகத்தான் இருக்க வேண்டும். பருத்தித்துறைப் பக்கம் பன்னிரண்டு வருடமாகக் கைபேசி திருத்துகிறவன் என்ற முறையில், தங்கச்சி, உங்களிடம் இரண்டு கேள்விகள் கேட்கிறேன்.

முதலாவது, அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது? விண்டோஸ் ஒரு கருவியைக் கண்டுகொண்டால் கணினியின் ஒலிபெருக்கியில் ஒரு சத்தம் எழுப்பும், அது விலகினால் இன்னொன்று. கைபேசி, சார்ஜ் தொடங்கும்போது தன் பாட்டில் ஒரு சத்தம் எழுப்பும். ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுச் செருகிப் பாருங்கள். அப்போதும் சத்தம் கேட்டால் அது கைபேசியின் சத்தம், கணினிக்கு அங்கே ஒரு கைபேசி இருப்பதே தெரியாது. கடைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான், ஏனென்றால் இந்த ஒரு பதிலிலேயே பாதிப் பிழை பிடிபட்டுவிடும். இரண்டாவது, முன்னால் ஒரு கேபிளும் பின்னால் வேறொரு கேபிளுமா பாவித்தீர்கள்? எழுதும்போது நீங்கள் அதைச் சொல்லவில்லை.

இன்னொன்று. கேபிளைச் செருகும்போது கைபேசியின் வாயில் ‘டக்’ என்று இறுகி நிற்கிறதா, அல்லது தளர்வாக ஆடுகிறதா? ஆடினால், எதையும் மாற்றச் சொல்வதற்கு முன் உள்ளே ஒளி பாய்ச்சிப் பாருங்கள். சட்டைப் பையிலும் கைப்பையிலும் கிடக்கிற கைபேசியின் டைப்-சி வாய்க்குள் தும்பு சேரும். ஒவ்வொரு முறை செருகும்போதும் கேபிள் அதைப் பின்சுவரோடு இடித்து இறுக்கும். இரண்டு வருடத்தில் அது கம்பளித் துண்டு போலாகிவிடும். அதனால் கேபிள் அரை மில்லிமீற்றர் வெளியே நின்றுவிடுகிறது. சுவர்ச் சார்ஜரின் கேபிள் முனை சற்று நீளமாக இருந்தால் அது தொடும், மற்றது தொடாது. இதற்குப் பல்லுக்குத்தும் குச்சி தடிப்பானது, ஊசி ஆபத்தானது. காய்ந்த தென்னோலை ஈர்க்கு ஒன்றின் நுனியைப் பிளேட்டால் சீவித் தட்டையாக்குங்கள். கைபேசியை முற்றாக அணைத்துவிட்டு, நடுவிலுள்ள நாக்கைத் தொடாமல், அதற்கும் உறைக்கும் இடையிலுள்ள ஒழுங்கையில் ஈர்க்கை ஓரமாக இறக்கி, அடியிலிருந்து வெளியே வாரி எடுங்கள். வாயால் ஊதக் கூடாது, ஊதினால் எச்சில் உள்ளே போகும். எங்கள் கரைப் பக்கத்தில் உப்புக்காற்றால் இந்தத் தொடுமுனைகள் பச்சை பிடித்து வருவதுண்டு. அப்படிப் பச்சையோ கறுப்போ தெரிந்தால் ஈர்க்கோடு நிறுத்திக்கொண்டு திருத்துநரிடம் கொடுங்கள், ஏனென்றால் அது அற்ககோலும் மென்தூரிகையும் கொண்டு உருப்பெருக்கியின் கீழ் செய்ய வேண்டிய வேலை. இணுவிலில் உங்களுக்கு அந்தத் தொல்லை இருக்காது என்று நினைக்கிறேன்.

செம்மண்

கணினியில் டிவைஸ் மனேஜரைத் திறந்து, யூ.எஸ்.பி ரூட் ஹப் என்று இருப்பவற்றின் பவர் மனேஜ்மென்ற் பகுதிக்குப் போய், மின்சாரத்தைச் சேமிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற பெட்டியிலுள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். எனக்கு அதோடு சரிவந்தது. கணினியை அணைத்த பிறகும் சார்ஜ் ஏற வேண்டுமென்றால் பயோஸில், அதாவது கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்பில், அணைந்த நிலையில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் ஈ.ஆர்.பி என்ற தெரிவை முடக்க வேண்டும்.

இணுவில்வாசி

பதில் தந்த மூவருக்கும் நன்றி. சொன்னவற்றை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். சிலவற்றைச் செய்யும்போது எனக்கே வெட்கமாக இருந்தது.

ஐயா சொன்னபடி இணையப் பகிர்வை நிறுத்தி, திரையை அணைத்து, பின்பக்கத்துப் போர்ட்டில் ஒரு மணித்தியாலம் விட்டேன். 36 இல் இருந்தது 46 ஆனது. அதே இடத்தில் இணையப் பகிர்வை மட்டும் போட்டு, திரையை அணைத்தே வைத்திருந்தபோது ஒரு மணித்தியாலத்தில் 2 வீதம் ஏறியது. நான் வேலை செய்யும்போது கைபேசியைப் பக்கத்தில் நிறுத்தி வைத்து, ஆசிரியர்கள் அனுப்புகிற கையெழுத்துப் பிரதிகளை அதன் திரையில் பார்த்துத்தான் தட்டச்சுச் செய்வேன்; அதனால் திரை முழு நேரமும் முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டிருக்கும். அதைக் கணக்கில் எடுக்க எனக்குத் தோன்றவேயில்லை.

தும்பளை அண்ணா, நீங்கள் கேட்டது சரியான கேள்வி. ஒலிபெருக்கியை அணைத்த பிறகும் சத்தம் கேட்டது. கைபேசியின் சத்தம்தான். கேபிள்களும் இரண்டு: பின்பக்கத்தில் கைபேசியோடு பெட்டியில் வந்த ஒரு மீற்றர்க் கேபிள், அது பின்னாலிருந்து மேசை ஓரத்துக்குத்தான் எட்டும். முன்பக்கத்தில், யாழ்ப்பாணம் பேருந்து நிலையத்துக்கு அருகே நடைபாதையில் 350 ரூபாய்க்கு வாங்கிய இரண்டு மீற்றர்க் கேபிள். அந்த நீளக் கேபிளைப் பின்பக்கத்துப் போர்ட்டில் போட்டுப் பார்த்தேன், அங்கேயும் வந்து வந்து போகிறது. பழைய கேபிளை முன்பக்கத்தில் போட்டேன், அடையாளம் அசையாமல் நின்றது. நீளக் கேபிளில் இணையப் பகிர்வும் ஒருபோதும் வேலை செய்ததில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. கைபேசியில் அந்தத் தெரிவு மங்கலாகவே இருக்கும்.

ஈர்க்கால் வாரியதில் பயறு அளவுக்கு ஒரு சாம்பல் நிறத் தும்புக் கட்டி வந்தது. இப்போது இரண்டு கேபிள்களும் ‘டக்’ என்று இறுகுகின்றன, ஆனால் நீளக் கேபிளின் ஆட்டம் மாறவில்லை. செம்மண் அண்ணா சொன்ன அமைப்பையும் மாற்றினேன். வேறுபாடு எதுவும் தெரியவில்லை.

வடலி

செம்மண் சொன்ன அமைப்பு, சும்மா இருக்கிற யூ.எஸ்.பி போர்ட்டை மின்சாரம் மிச்சம் பிடிக்கக் கணினி உறங்கவைக்கிற சிக்கலுக்கானது. சார்ஜ் நான்கு செக்கனுக்கு ஒரு முறை தடைப்படுவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒரே நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றி, கேபிள்களை இடம் மாற்றிப் பார்த்தது நல்ல வேலை, அக்கா. குற்றவாளி கேபிள்தான் என்பதை நீங்களே நிறுவிவிட்டீர்கள். ஏன் என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

அந்தக் கேபிளில் தரவுக் கம்பிகள் இல்லை. மலிவுக் கேபிள்களில் செம்பை மிச்சம் பிடிக்க இரண்டு மின்கம்பிகளை மட்டும் போட்டு, கைபேசிப் பக்கத்து முனையில் தரவுத் தொடுமுனைகள் இரண்டையும் ஒன்றாக ஒட்டிவிடுவார்கள். பழைய டைனமோ ஐயா சொன்ன சுவர்ச் சார்ஜர் அடையாளம் அதுவேதான். ஆகவே உங்கள் கைபேசி, தான் சுவர்ச் சார்ஜரில் இருப்பதாக நம்பி 1.5 அம்பியரை இழுக்கத் தொடங்குகிறது. மறுமுனையில் இருப்பதோ 500 மில்லிஅம்பியருக்கு வகுத்த போர்ட். இதற்கு மேலே கம்பியின் மெலிவும் சேர்கிறது. 28 கேஜ் செப்புக் கம்பி ஒரு மீற்றருக்கு ஏறத்தாழ 0.21 ஓம் தடை கொண்டது. இரண்டு மீற்றர்க் கேபிளில் மின்சாரம் போக இரண்டு, வர இரண்டு என்று நான்கு மீற்றர் ஓட வேண்டும், அதாவது 0.85 ஓம். 1.5 அம்பியர் அதனூடாகப் பாயும்போது 1.28 வோல்ற்று வழியிலேயே தொலைந்து, கைபேசிக்கு 3.7 வோல்ற்றுத்தான் மிஞ்சும். அதை வைத்து அதனால் சார்ஜ் ஏற்ற முடியாது, கைவிடுகிறது. கைவிட்டவுடன் ஓட்டம் நின்று, வோல்ற்றளவு திரும்ப 5 க்கு ஏறுகிறது. கைபேசி அதைக் கண்டு மறுபடி இழுக்கிறது. நீங்கள் கேட்ட சத்தம் இந்தச் சுற்றின் சத்தம்தான். எல்லாக் கைபேசிகளும் இப்படித் தடுமாறுவதில்லை. வோல்ற்றளவு சரிவதைக் கண்டவுடன் தாமே இழுப்பைக் குறைத்துக்கொள்கிறவையும் உண்டு.

டைப்-சி கேபிள்களில் இன்னொரு கள்ளமும் இருக்கிறது. ஒரு முனை பழைய தட்டை வடிவமாகவும் மறுமுனை டைப்-சியாகவும் உள்ள கேபிளுக்குள் 56 கிலோ-ஓம் தடையி ஒன்று இருக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் இது சாதாரணப் போர்ட், அளவோடு எடுக்க வேண்டும் என்று கைபேசி அறிகிறது. அதற்குப் பதிலாக 10 கிலோ-ஓம் தடையியைப் போட்டுவிட்டால், 3 அம்பியர் எடுக்கலாம் என்று கேபிளே பொய் சொல்லிவிடும். கூகுள் நிறுவனப் பொறியாளர் பென்சன் லியுங் 2015 இல் அமேசானில் விற்ற டைப்-சி கேபிள்களைத் தாமே வாங்கிச் சோதித்து, பிழையானவற்றை ஒவ்வொன்றாக வெளிப்படுத்தினார். 2016 தொடக்கத்தில் அப்படிச் சோதித்த ஒரு கேபிளில் மின்கம்பியும் தரைக்கம்பியும் இடம் மாறிப் பொருத்தப்பட்டிருந்ததால் அவருடைய குரோம்புக் பிக்சல் மடிக்கணினியே பழுதாகிப் போனது. எனவே அந்த நீளக் கேபிளை உங்கள் அத்தானின் சார்ஜரிலும் போட வேண்டாம். அடுத்த கேபிள் வாங்கும்போது உறையில் பொறித்திருக்கும் சிறிய எழுத்தைப் பாருங்கள்: மின்கம்பிக்கு 24 கேஜ் அல்லது அதைவிடச் சிறிய எண் என்றால் கம்பி தடிப்பானது, 28 என்றால் மெல்லியது. எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும் என்பதால் பலர் இதில் தலைகீழாக விளங்கிக்கொண்டு ஏமாறுகிறார்கள்.

மடிக்கணினி விடயம் பழுதே இல்லை. இரண்டு முனையும் டைப்-சியாக இருக்கும்போது யார் கொடுப்பவர், யார் வாங்குபவர் என்று வடிவத்தைப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. இரண்டு கருவிகளுமே இரண்டு வேலையும் செய்யக் கூடியவை என்றால் செருகிய கணத்தில் தமக்குள் தீர்மானித்துக்கொள்ளும், அது சில வேளைகளில் உங்களுக்குப் பாதகமாக முடியும். கைபேசியின் மேல்திரையை இழுத்து, யூ.எஸ்.பி பற்றிய அறிவித்தலைத் தொட்டு, இணைத்த கருவிக்குச் சார்ஜ் கொடுக்கும் தெரிவை நிறுத்துங்கள். மடிக்கணினியை முதலில் அதன் சொந்தச் சார்ஜரில் செருகிவிட்டுப் பிறகு கைபேசியைத் தொடுங்கள். டைப்-சி போர்ட் 1.5 அம்பியர் அல்லது 3 அம்பியர் தருவதாக அறிவித்தால், 7.5 அல்லது 15 வாற்று. டெஸ்க்டொப்பின் பின்வாயைவிட மூன்று முதல் ஆறு மடங்கு. 2022 பங்குனி இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்த காலத்தில், மூடிய மடிக்கணினியைப் பவர் பாங்காக வைத்துத்தான் எங்கள் வீட்டில் மூன்று கைபேசிகள் ஓடின.

பழைய டைனமோ

வடலி, ஓமின் விதியைச் சாதாரண தரப் பரீட்சையோடு மறந்துவிடாமல் வைத்திருப்பவர்களைக் காண்பது மகிழ்ச்சி. ஒரு திருத்தம் மட்டும்: 500 மில்லிஅம்பியருக்கு மேல் இழுத்தவுடன் போர்ட் கட்டாயம் துண்டித்துவிடும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். டெஸ்க்டொப் மதர்போர்ட்களில் பல, இரண்டு போர்ட்களுக்கு ஒன்று என்று தானாக மீளும் உருகி ஒன்றை வைத்திருக்கும். அது துண்டிக்கும் அளவு 500 ஐ விட நன்றாக மேலே இருக்கும். அந்த எல்லையைத் தாண்டினால் பக்கத்து வாயில் செருகிய விசைப்பலகையும் சேர்ந்து செத்துப்போகும். கணினியை அணைத்து, சுவர்ச் சுவிட்சையும் நிறுத்திச் சற்று நேரம் ஆறவிட்டால் இரண்டும் உயிர்த்துவிடும். போர்ட் எரிந்துவிட்டது என்று பயந்து மதர்போர்டையே மாற்றியவர்களை நான் அறிவேன்.

பிள்ளைக்கு இன்னொரு கேள்வி. இணையப் பகிர்வும் வேண்டும், திரையும் எரிய வேண்டும், சார்ஜும் ஏற வேண்டும் என்றால் வீட்டில் என்ன செய்யப் போகிறீர்கள்?

வடலி

அதற்கு இரண்டு வழிகள் உண்டு. மலிவானது, கணினிக்கு ஒரு சிறிய வைஃபை டொங்கிள் வாங்கிச் செருகி, கைபேசியை ஹொட்ஸ்பொட்டாக மாற்றிவிட்டு, கைபேசியைச் சுவர்ச் சார்ஜரிலேயே போட்டுவிடுவது. தரவுக்கும் மின்சாரத்துக்கும் ஒரே கேபிள் என்ற கட்டாயமே அதோடு போய்விடும். மற்றது, சொந்தமாகச் சுவர் மின்சாரம் எடுக்கிற யூ.எஸ்.பி ஹப். அதிலும் எல்லாம் உதவாது. தரவு கடத்திக்கொண்டே 1.5 அம்பியர் தரக்கூடிய வகை என்று பெட்டியில் எழுதியிருக்க வேண்டும், BC 1.2 (பற்றரி சார்ஜிங் 1.2) என்று குறித்திருப்பார்கள். அது இல்லாத ஹப், தரவு ஓடும்போது மறுபடி 500 க்கே வந்துவிடும். சில மடிக்கணினிகளின் பக்கவாட்டில் மின்னல் அடையாளமோ பற்றரி அடையாளமோ போட்ட போர்ட் ஒன்று இருக்கும். பெரும்பாலும் அதுவும் இந்த வகையைச் சேர்ந்ததுதான்.

தும்பளையான்

டொங்கிள் வழிக்குப் போனால் ஒன்றைக் கவனியுங்கள். ஹொட்ஸ்பொட்டும் வேகச் சார்ஜும் சேர்ந்தால் கைபேசி நன்றாகச் சுடும். 45 பாகை செல்சியஸுக்கு மேல் லிதியம் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றுவது கூடாது என்பதால் கைபேசி தானே ஏற்றத்தைக் குறைக்கும் அல்லது நிறுத்தும். சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் இது அடிக்கடி நடக்கும், உடனே கைபேசி பழுது என்று கொண்டுவருவார்கள். உறையைக் கழற்றி, மின்விசிறிக் காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். கணினிப் பெட்டியின் பின்னால், அதன் சூடு வெளியேறும் வாய்க்கு நேரே வைக்காதீர்கள்.

இணுவில்வாசி

இறுதியாக நடந்ததைப் பதிவு செய்கிறேன், இதே சிக்கலோடு வருகிறவர்களுக்கு உதவும்.

தம்பியின் மடிக்கணினியை அதன் சார்ஜரில் செருகிவிட்டு, வடலித் தம்பி சொன்ன தெரிவை நிறுத்தினேன். முதல் தடவை கைபேசி பிடிவாதமாக மறுபடியும் கொடுக்கத்தான் பார்த்தது. கேபிளைக் கழற்றித் திரும்பச் செருகியதும் வாங்கத் தொடங்கிவிட்டது. திரை அணைந்த நிலையில் ஒரு மணித்தியாலத்தில் 33 வீதம் ஏறியது. ஐயாவின் முறையில் நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 19 வாற்று-மணியில் 33 வீதம் என்றால் 6.3 வாற்று-மணி, இழப்பையும் சேர்த்தால் அது 1.5 அம்பியர்ப் போர்ட்டுக்குச் சரியாக வருகிறது.

வேலை நேரத்துக்கு டொங்கிள் வாங்கிவிட்டேன். அதோடு ஒரு சுவர்ச் சார்ஜரும் வாங்கினேன். இரண்டும் சேர்ந்தும் கடைக்காரர் கேட்ட 4,500 ரூபாய்க்குள் அடங்கிவிட்டன. வானம் இருண்டால் இப்போது முதலில் அந்தச் சார்ஜரைத்தான் கழற்றுகிறேன். நடைபாதைக் கேபிளைத் தம்பி தன் பைக்குள் எடுத்து வைக்கப் பார்த்தார். வாங்கி, இரண்டு முனைகளையும் கத்தரிக்கோலால் வெட்டி எறிந்துவிட்டேன். வெட்டுவாயில் பார்த்தேன்: சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று, தையல் நூல் தடிப்பில் இரண்டே கம்பிகள்.